கஸ்தூரி, பெண், வயது 28

பட்டாபிராம்
9.2.2025

அன்புள்ள அண்ணிக்கு, அண்ணி எழுதுவது.

நான் இங்கே சுகம். அங்கே நீயும் என் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? கண் ஆபரேஷன் செய்த இடத்தில் அவனுக்கு இன்னும் நீர் வடிகிறதா? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். சின்ன வயதிலிருந்தே மருந்து என்றால் ஓடி ஒளிகிற ஆள் அவன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போன் செய்தால் நீ எடுத்த உடனே, "உங்க தங்கச்சி கஸ்தூரி" என்று ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய். சம்பந்தம் அண்ணன் கேட்கிற விஷயம் இல்லை இது. கடிதம் என்றால் நீ படித்துக் காட்டினால்தான் அவனுக்குத் தெரியும். எந்த வரியை விட வேண்டும் என்று உனக்குத் தெரியாதா?

உன் அண்ணன் போய் வருஷத் திவசமும் முடிந்துவிட்டது. போன வாரம் அவர் பீரோவை ஒழித்தேன். ஆவடி டாங்கி பாக்டரி பேப்பர் எல்லாம் ஒரு பச்சை ஃபைலில் இருந்தது. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு ஊர் சுற்ற டிக்கெட் கொடுப்பார்களே, எல்.டி.சி., அந்தக் காகிதமும் இருந்தது. 1993 நவம்பர். மெட்ராஸிலிருந்து மங்களூர் வரை ரயில், அங்கிருந்து கடலோரமாகவே காரில் உடுப்பி, மரவந்தே, கோகர்ணம். டிக்கெட் நகலில் இரண்டு பெயர். கஜபதி, ஆண், வயது 35. கஸ்தூரி, பெண், வயது 28.

அந்த நவம்பரில் இந்தக் கஸ்தூரி எங்கே இருந்தாள்? நீ இப்போது உட்கார்ந்திருக்கிற அதே திருக்கோவிலூர் வீட்டில், விக்ரமைப் பெற்றுப் பத்தியச் சோறு தின்றுகொண்டிருந்தாள். ராஜஸ்தானில் டாங்கி ட்ரையல் என்று எனக்கு எழுதிவிட்டுத்தான் அவர் போனார். எல்.டி.சி. என்னாயிற்று என்று பிறகு கேட்டதற்கு, "பிரசவத்துல லேப்ஸ் ஆயிடுச்சி" என்றார்.

அப்படியானால் என் பெயரில் என் சீட்டில் உட்கார்ந்து போனவள் யார்? அவருக்குச் சமைத்துப்போட என்று ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்து அந்த இரண்டு மாதமும் இருந்தது நீதான். உனக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு வாரமாக அவர் படத்துக்குப் பூ வைக்கவில்லை. கை வரவில்லை அண்ணி.

ஒன்று முடிவு செய்துவிட்டேன். அந்தக் காகிதத்தில் இருக்கிற அத்தனை ஊரையும் நான் நேரில் பார்க்கப் போகிறேன். நீயும் கூட வரவேண்டும்.

அண்ணனுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
கஸ்தூரி

* * *

திருக்கோவிலூர்
22.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் நலம். அவருக்கு நீர் வடிவது நின்றுவிட்டது. டி.வி.யைக் கிட்டப் போய்ப் பார்க்கிறார், திட்டினால் கேட்பதில்லை. உன் கடிதத்தை முதல் பக்கம் மட்டும் படித்துக் காட்டினேன். மருந்துக்கு ஓடி ஒளிகிற வரியைக் கேட்டுச் சிரித்தார்.

நீ கேட்டது முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. என் அண்ணன் ட்ரையலுக்குப் போனதாகத்தான் நினைவு. பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா துணைக்கு இருந்தாள். பாக்டரியில் யாரோ கேட்டார்கள் என்று பெயரைப் போட்டுக் கொடுத்திருப்பான். அவன் இளகின மனசுதான் உனக்குத் தெரியுமே. இறந்தவரைப் பற்றி ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளாதே அண்ணி. பூவை வை.

பயணம் எல்லாம் நல்லதுதான். ஆனால் என் முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். வெயிலும் ஆரம்பித்துவிட்டது. பிறகு பார்ப்போம். ரயிலில் போவதைப் பற்றி நினைத்தாலே நம் இரண்டு பேர் கல்யாணமும் முடிந்து நீயும் என் அண்ணனும் மெட்ராஸுக்கு ரயில் ஏறின நாள் ஞாபகம் வருகிறது. விழுப்புரம் பிளாட்பாரத்தில் நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன், நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். எந்தப் பெண் எந்த வீட்டுக்குப் போகிறாள் என்று பார்த்தவர்களுக்குப் புரியவே இல்லை. டி.டி.ஆர். வந்து, "யாரும்மா ஏறணும், யாரு இறங்கணும்?" என்று கேட்டார்.

விக்ரம் எப்படி இருக்கிறான்? நேரத்துக்குச் சாப்பிடுகிறானா? ஐயப்பன்தாங்கலிலிருந்து ஞாயிற்றுக்கிழமையாவது உன்னை வந்து பார்க்கிறானா? அவனுக்கு அத்தையின் ஆசீர்வாதம்.

அன்புடன்,
ரேவதி

* * *

பட்டாபிராம்
5.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனசில்லை, ஏனென்றால் நான் நலமாக இல்லை. சர்க்கரை கூடியிருக்கிறது. டாக்டர் என்ன கவலை என்று கேட்டார். அறுபது வயதில் புருஷன்மேல் சந்தேகம் வந்திருக்கிறது, அதுவும் அவர் போனபிறகு என்று எப்படிச் சொல்வது?

யாரோ கேட்டார்கள் என்று பெயரைப் போட்டுக் கொடுத்திருப்பார் என்கிறாய். டிக்கெட்டில் அவர் பெயரும் இருக்கிறதே. பதினாறு நாள் இடைவெளியில் திரும்பிவந்த டிக்கெட்டும் இருக்கிறது. உடுப்பியில் தங்கின லாட்ஜ் ரசீதில் "மிஸ்டர் அண்ட் மிஸஸ்" என்று எழுதியிருக்கிறது. நான் முப்பத்தேழு வருஷம் அவரோடு வாழ்ந்தேன் அண்ணி. காலையில் பாக்டரி சங்கு ஊதும்போது அவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்திருப்பார், சாயங்காலம் சங்கு ஊதினால் நான் அடுப்பில் டீத்தண்ணி வைப்பேன். டாங்கியை ஓட்டிப் பார்க்கிற நாளில் ஷெல்ஃபில் எவர்சில்வர் டம்ளரெல்லாம் கிணுகிணு என்று ஆடும். "உங்க வீட்டுக்காரர்தான்டி ஓட்றார்" என்று ஜமீலா சிரிப்பாள். அந்த வாழ்க்கையில் ஒரு ஒளிவுமறைவும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு நாளையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். கள்ளிக்குப்பத்தில் ஜஸ்டின் என்று ஒரு தம்பி டிராவல்ஸ் வைத்திருக்கிறான். அவனிடம் பேசினேன். "இன்னாத்துக்குக்கா ஒரேடியா கார்ல? இடுப்பு ஒடிஞ்சிரும். மங்களூர் வரிக்கும் ட்ரெயின்ல படுத்துக்கினு போங்க. அங்க நம்ம ஆளு ஒர்த்தன் கீறான், வண்டி எடுத்துக்கினு வந்து நிப்பான். கடல ஒட்டியே ரோடு. எங்க தோணுதோ அங்க எறங்கி ஒரு டீ, எங்க தோணுதோ அங்க ஒரு தூக்கம். அவசரமா இன்னா?" என்றான். எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

மங்களூர் மெயில் எங்கள் பட்டாபிராம் ஸ்டேஷன் வழியாகத்தான் போகும், ஆனால் நிற்காது. அதைப் பிடிக்க நான் லோக்கலில் சென்ட்ரல் போய், ஏறி உட்கார்ந்து, என் வீட்டு வாசலையே ஜன்னலில் பார்த்துக்கொண்டு திரும்பி வரவேண்டும். நீ திருக்கோவிலூரில் பாசஞ்சர் பிடித்துக் காட்பாடி வந்தால் அங்கே ஏறிக்கொள்ளலாம். கீழ் பெர்த் இரண்டு. முழங்காலைச் சாக்கு சொல்லாதே.

பதில் போடு.

கஸ்தூரி

* * *

திருக்கோவிலூர்
7.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது? ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள். இங்கே இருவரும் நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. மாங்காய் சீசன், ஊறுகாய் போடுகிற வேலை. உனக்கும் ஒரு பாட்டில் ஆவக்காய் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்தபிறகு எனக்கும் ஆசை வந்துவிட்டது. போகலாம் அண்ணி. ஆனால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அந்தப் பக்கம் பேய்மழை, நினைக்கவே கூடாது. நவம்பர்தான் சரி. வானம் கழுவி விட்டது போல இருக்கும்.

ரயில் கோழிக்கோடு தாண்டியதும் இடது பக்கம் உட்கார், கடல் எட்டி எட்டிப் பார்க்கும். வலது பக்கத்தில் தென்னந்தோப்பு மட்டும்தான். மால்பே மீன் துறையில் காரை நிறுத்தாதே, கருவாட்டு வாடை சேலையில் ஏறினால் மூன்று துவையலுக்குப் போகாது. மரவந்தேயில் கட்டாயம் நிறுத்த வேண்டும். ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. எல்லோரும் கடல் பக்கம் ஓடுவார்கள். நாம் ஆற்றுப் பக்கம் உட்காரலாம். அங்கே சத்தம் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் தண்ணீர் அசையவே அசையாது. பார்த்துக்கொண்டே இருந்தால் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருக்கிறதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

அந்த ஃபைலை மட்டும் கட்டி மேலே போட்டுவிடு. நாம் நமக்காகப் போவோம். அந்தக் காகிதத்துக்காக வேண்டாம்.

அவர் உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
ரேவதி

* * *

பட்டாபிராம்
15.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நேற்று விக்ரம் வந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் குறட்டை விட்டுவிட்டுப் போனான். கல்யாணப் பேச்சை எடுத்தால் காதில் அந்த வெள்ளைக் குமிழை மாட்டிக்கொள்கிறான்.

உன் கடிதத்தைப் படித்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அப்படியே ஜஸ்டினிடம் படித்துக் காட்டினேன். "அந்தக்கா நம்மளவிட நல்லா பிளான் போட்டுக்குது" என்றான். நவம்பர் என்றே வைத்துக்கொள்வோம். முதல் நாள் உடுப்பி, இரண்டாம் நாள் மரவந்தே, பிறகு கோகர்ணம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் காரில் உட்காருவதில்லை. தொண்ணூற்றேழில் கன்னியாகுமரிக்கு அழைத்துப்போனார் உன் அண்ணன். நாலு நாளில் ஒன்பது கோயில். சூரியோதயம் பார்க்கிறபோதுகூட வாட்ச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விக்ரமுக்கு நாலு வயது. கடலைக் காட்டினால், "யாரு இவ்ளோ தண்ணியத் தொறந்து வுட்டது?" என்று கேட்டான். அப்போது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. அந்த மனுஷனைச் சந்தேகப்படுகிறோமே என்று இருக்கிறது. சந்தேகப்படாமலும் இருக்க முடியவில்லை.

ஃபைலைக் கட்டிப் போடச் சொல்கிறாய். முடியாது. உடுப்பி லாட்ஜ் இன்னும் இருக்கிறதாம், ஜஸ்டின் போனில் பார்த்துச் சொன்னான். நேரே போய் அந்த வருஷத்து ரெஜிஸ்டரைக் கேட்கப் போகிறேன். பழைய ஆட்கள் யாராவது இருந்தால் அவர் போட்டோவைக் காட்டுவேன். கூட வந்தவள் எப்படி இருந்தாள் என்று கேட்பேன். நல்லதோ கெட்டதோ தெரிந்துகொண்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

அண்ணனுக்கு வாழ்த்துச் சொல்.

கஸ்தூரி

* * *

திருக்கோவிலூர்
30.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? இங்கே எனக்கு உடம்பு சுகமில்லை. முழங்காலில் ஊசி போட்டிருக்கிறார்கள். டாக்டர் பயணம் கூடாது என்றுவிட்டார். நான் நவம்பரில் வர முடியாது. நீயும் தனியாகப் போகாதே.

லாட்ஜில் போய் ரெஜிஸ்டர் கேட்கிறேன் என்கிறாயே, அது நமக்கு அழகா? உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். அண்ணன் உனக்கு ஒரு துரோகமும் செய்யவில்லை. என்மேல் சத்தியம்.

ரேவதி

* * *

பட்டாபிராம்
12.6.2025

அண்ணிக்கு,

உன் முழங்காலுக்கு யாரும் ஊசி போடவில்லை. நேற்று அண்ணனிடம் போனில் பேசினேன். ஊசியா, யாருக்கு என்று கேட்டான்; நீ எதிர் வீட்டுக் கல்யாணத்துக்கு நடந்து போயிருப்பதாகச் சொன்னான்.

நான் ஆத்திரத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன். ஜமீலா இப்போது எங்கள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். அந்த நவம்பர் மாதம் ரேவதிக்கு நீதான் துணைக்கு இருந்தாயாமே என்று கேட்டேன். அவள், "எங்க துணை? உங்க ஊடு ரெண்டு வாரம் பூட்டிக்கினு கெடந்துச்சி. நான்தான் உங்க துளசிக்குத் தண்ணி ஊத்துனேன்" என்றாள்.

பிறகு உன் ஏப்ரல் மாதக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். மரவந்தேயில் ஆற்றுப் பக்கம் சத்தம் இல்லை, ஐந்து மணிக்குமேல் தண்ணீர் அசையாது என்று எழுதியிருக்கிறாய். அது டி.வி.யில் பார்த்தவள் எழுதுகிற எழுத்து இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தவள் எழுதினது.

நீதானே அண்ணி? என் பெயரில் போனது நீதானே?

இது புரிந்ததும் முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்பாடா என்றிருந்தது. ஓடிப்போய் அவர் படத்துக்கு ஒரு முழம் மல்லி வாங்கிப் போட்டேன். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. அண்ணனும் தங்கையும் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தால் அதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆறு வருஷம் தவமிருந்து பிள்ளை பெற்று நான் ஒரு இருட்டறையில் கிடந்தபோது, என் டிக்கெட்டில் நீ ஊர் சுற்றிவிட்டு வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் சாகிறவரை சொல்லவில்லை. ஏன்?

உண்மையை எழுது. இல்லாவிட்டால் இனிமேல் எழுதாதே.

கஸ்தூரி

* * *

திருக்கோவிலூர்
5.7.2025

என் அன்புக்குரிய அண்ணிக்கு,

உன் உடம்பு சுகமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். பக்கத்தில் யாராவது இருக்கும்போது படிக்காதே. உட்கார்ந்து படி.

ஆம், நான்தான் போனேன். ஊர் சுற்றுவதற்குப் போகவில்லை.

அந்த வருஷம் ஆனி மாதம் எனக்குப் பிறந்த குழந்தை, பிறக்கும்போதே உயிரோடு இல்லை என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் எப்படி இருந்தேன் என்பது யாருக்கும் தெரியாது. தூக்கம் இல்லை. வேலையெல்லாம் செய்வேன், ஆனால் நான் செய்கிறேன் என்றே இருக்காது. பேய் பிடித்திருக்கிறது என்று உன் அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். உன் அண்ணனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று ஜோசியரிடம் கேட்டதையும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் நல்லவர். ஆனால் அந்த நாளில் அம்மா பேச்சைத் தாண்டத் தெரியாதவர்.

அதே வீட்டுக்கு நீ பிரசவத்துக்கு வந்தாய். விக்ரம் பிறந்தான். அவன் அழும்போதெல்லாம் என் பிள்ளைதான் அழுகிறது, யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். அது பைத்தியம் என்று அப்போதே பாதி தெரியும்.

அவனுக்கு இருபத்தைந்து நாள் இருக்கும். மத்தியானம். உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தார்கள். நீ அசந்து தூங்கிக்கொண்டிருந்தாய். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். கிணற்றடியில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என்ன நினைத்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை அண்ணி, உண்மையாகத் தெரியவில்லை. அவன் அழவில்லை. என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான். திரும்பி நடந்து வந்து உன் பக்கத்தில் படுக்க வைத்தேன். நீ தூக்கத்திலேயே அவன்மேல் கையைப் போட்டுக்கொண்டாய்.

அன்று என் அண்ணனுக்கு எழுதினேன். என்னை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போ, இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது என்று. மூன்றாம் நாள் வந்து நின்றான். ஓட்டலில் சாப்பிட்டு வயிறு கெட்டுவிட்டது, ரேவதியைச் சமைக்க அனுப்புங்கள் என்று உன் அம்மாவிடம் கேட்டான். நீகூட, "கூட்டிக்கினு போங்க, அண்ணி கை ரசத்துல எல்லாம் சரியாப் பூடும்" என்று மெட்ராஸ் பேச்சுப் பேசிச் சிரித்தாய்.

உடுப்பி பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இதற்கு நல்ல டாக்டர் இருப்பதாக அவன் பாக்டரியில் ஒருவர் சொல்லியிருந்தார். மெட்ராஸில் காட்டினால் ஏதாவது ஒரு சொந்தக்காரர் கண்ணில் படும் என்று பயந்தான். டிக்கெட்டிலும் லாட்ஜிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் உன் பெயரைக் கொடுத்தான். காலையில் டாக்டரிடம் போவோம். சாயங்காலம் வாடகைக் காரில் கடலோரமாகக் கூட்டிப்போவான். மரவந்தேயில் அந்த ஆற்றங்கரையில் மணிக்கணக்காக ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். கடைசி வாரம் கோகர்ணம் வரை போனோம். அன்றைக்குத்தான் பசிக்கிறது என்று நானாகக் கேட்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். பதினாறு நாள் "கஸ்தூரி, கஸ்தூரி" என்று நர்ஸ் கூப்பிடக் கூப்பிட நான் எழுந்து போனேன். உன் பெயரில்தான் நான் பிழைத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் நம்முடையது. பைத்தியம் என்று என்னை அனுப்பினால் மறு வாரமே உன்னையும் திருப்பி அழைத்துக்கொள்வார்கள். இரண்டு குடும்பமும் போயிருக்கும். அது பாதிக் காரணம். மீதிக் காரணம் நான். உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன் என்று அவன் எத்தனையோ தடவை கேட்டான். "அண்ணிக்குத் தெரிஞ்சா பிள்ளையை என் கையில தரமாட்டா" என்று அவன் காலைப் பிடித்தேன். அதனால்தான் அவன் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு அகல்யா பிறப்பதற்கு முந்தைய அந்த மூன்று வருஷமும், நீ ஊருக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே, "அத்தைகிட்ட போடா" என்று விக்ரமை என் இடுப்பில் வைப்பாய். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வான். சொல்ல மாட்டேன்.

இவ்வளவுதான் அண்ணி. உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் செய். உன் அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்றாலும் சொல்.

ரேவதி

* * *

திருக்கோவிலூர்
18.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறாயா? ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. விக்ரமின் போனும் இரண்டு வாரமாக வரவில்லை. நீ அவனிடம் சொல்லியிருந்தால் அதுவும் நியாயம்தான்.

தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறேன். எதற்குக் காத்திருக்கிறாய் என்று உன் அண்ணன் கேட்கிறார். கரண்ட் பில் என்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரையை விடாதே. அதை மட்டுமாவது கேட்டுக்கொள்.

ரேவதி

* * *

பட்டாபிராம்
14.9.2025

அன்புள்ள அண்ணிக்கு, அண்ணி எழுதுவது.

நான் நலம். சர்க்கரை குறைந்திருக்கிறது. மாத்திரையை விடவில்லை. விக்ரம் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தான், அதனால்தான் உனக்குப் போன் செய்யவில்லை. நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்ல மாட்டேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று அரிசி களைந்து வைத்திருந்தேன். அது மறுநாள் வரை அப்படியே ஊறிக் கிடந்தது. உன்னை என்னவெல்லாம் திட்டினேன் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் காகிதம் தாங்காது. அதைவிட அவரைத் திட்டினேன். முப்பது வருஷம் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்லாமல் இருந்துவிட்டுப் போயிருக்கிறாரே, எதிரில் நிறுத்திச் சண்டை போடக்கூட ஆள் இல்லை. போட்டோவோடு சண்டை போட்டேன். அந்தப் பக்கமாக வந்த ஜமீலா எட்டிப் பார்த்துவிட்டு, "யார்கிட்டடி பேசிக்கினு கீறே?" என்று கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விக்ரம் வந்தான். மீன் குழம்பு. குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், பின்னங்கழுத்தில் இரண்டு முடி நரைத்திருக்கிறது. இவனைத் தூக்கிக்கொண்டு போனாளே என்று வயிறு எரிந்தது. தினமும் அதே நினைப்புத்தான். தூக்கிக்கொண்டு போனாள், தூக்கிக்கொண்டு போனாள். ஒரு மாதம் போனபிறகுதான் மற்றது மண்டையில் ஏறியது. திரும்பிக் கொண்டுவந்தாய். யாரும் பார்க்கவில்லை, யாரும் தடுக்கவில்லை, உனக்கு அந்த நிலைமை. இருந்தும் நடந்து வந்து என் பக்கத்தில் படுக்க வைத்தாய்.

அந்த மத்தியானம் எனக்கு ஞாபகம் இருக்கிறது அண்ணி. விழித்துப் பார்த்தால் பிள்ளையின் துணி வெயிலில் காயப்போட்டு எடுத்தது போலச் சூடாக இருந்தது. காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. சிரித்துக்கொண்டு கிடந்தான்.

இன்னொன்றும் யோசித்தேன். ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், நீ பிள்ளையைப் பறிகொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. உன் எதிரிலேயே தொட்டில் கட்டி ஆட்டினேன் நான். "அண்ணி, கொஞ்சம் வெந்நீர்" என்று உன்னைத்தான் கூப்பிட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேனா? உன் முகத்தைப் பார்த்தேனா? கோபம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. அதோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் நீ இல்லாமல் எனக்கு யார் இருக்கிறார்கள்? நாற்பது வருஷமாக உனக்குத்தானே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் அறுபது நாளுக்கு முன்னால்தான் டிக்கெட் எடுக்க முடியும். இன்று காலை எட்டு மணிக்கு எடுத்துவிட்டேன். நவம்பர் 12, மங்களூர் மெயில். நீ காட்பாடியில் ஏறுகிறாய். அகல்யாவிடம் பேசிவிட்டேன், பத்து நாள் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வாள். லாட்ஜ் ரெஜிஸ்டரெல்லாம் பார்க்கப் போவதில்லை. மரவந்தேயில் நீ சொன்ன அந்த ஆற்றங்கரையை எனக்குக் காட்டு. அவர் எங்கே உட்கார்ந்திருந்தார், நீ எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று காட்டு. அது போதும்.

ஜஸ்டினுடைய டிரைவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விக்ரம் லீவ் போட்டுவிட்டு நம்மோடு வருகிறான். மங்களூரில் காரை வாடகைக்கு எடுத்து அவனே ஓட்டுவான். சாப்பிட்டுவிட்டு ஓட்டினால் அவனுக்குக் கண் சொருகும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். என்னை நம்பிப் பிரயோஜனம் இல்லை, காரில் ஏறினால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். நீ முன் சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள். நான் பின் சீட்டில் தூங்கப் போகிறேன். பிள்ளையை நீ பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அண்ணி